குளவியின் முட்டையூசி: கரும்புத் தோட்டத்திலிருந்து அத்திக்காய் வரை

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மண்கூட்டுக்குள் பச்சைப்புழு போகிறது, கூடு அடைபடுகிறது, சில வாரம் கழித்து ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வருகிறது. கண்ணால் பார்த்தது சரிதான், கணக்குதான் தப்பு. புழு குளவியாக மாறவில்லை. தாய்க்குளவி அங்கே ஒரு முட்டை வைத்திருந்தது. அதிலிருந்து வந்த குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்தது.

மண்கூடு கட்டும் குளவி இரையைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஆனால் குளவி இனங்களில் மிகப் பெரும்பாலானவை கூடே கட்டுவதில்லை. புழு இருக்கும் இடத்துக்கே போய், அதன் மேலோ உள்ளேயோ முட்டையைச் செலுத்திவிட்டு வந்துவிடும். இவற்றைத்தான் வேளாண்மைத் துறையில் ஒட்டுண்ணி என்கிறார்கள். பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகள் நம் ரத்தத்தைக் குடித்தாலும் நம்மைக் கொல்வதில்லை. இந்தக் குளவிகளோ தாங்கள் வளர்ந்த உடலைக் கடைசியில் கொன்றே தீரும். கரும்புக்குக் கட்டும் டிரைக்கோகிரம்மா அட்டை (குட்டிக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய காகிதம்), தென்னைக்கு விடும் பிரக்கான், பப்பாளி மாவுப்பூச்சியை ஒழித்த அசெரோபேகஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

இவற்றின் பிழைப்பு முழுக்க ஓர் உறுப்பை நம்பியிருக்கிறது. வயிற்றின் நுனியில் இருக்கும் முட்டையூசி, ஆங்கிலப் பெயரில் ஓவிபொசிட்டர். அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று புரிந்தால், எந்தப் பூச்சிக்கு எந்த ஒட்டுண்ணி வேலை செய்யும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

மூன்று வால் எது?

மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி ஒல்லி இடுப்பும் நீண்ட மீசையுமாகச் செம்பழுப்பு நிறக் குளவிகள் வரும். அவற்றுக்கு ஊசி குட்டை. அதே உறவில் வேறு சில, தோட்டத்து மரக்கட்டைகளிலும் வேலிப் படல்களிலும் சுற்றும், பின்னால் நீளமாக மூன்று மயிரிழை தொங்கும். இந்த இரண்டாவது வகையில் ஒன்று செத்துக் கிடந்தால் எடுத்து 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள். காய்ந்திருந்தால் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான நீரில் போட்டால் இளகும். காய்ந்தபடியே பிரிக்கப் பார்த்தால் ஒடிந்துதான் போகும்.

மூன்று இழையில் ஓரத்து இரண்டும் கறுத்து, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். அவை வெறும் உறை. நடுவில் வழவழப்பாக, பெரும்பாலும் செம்பழுப்பாக இருப்பதுதான் ஊசி. துளைக்கும்போது ஊசி மட்டும் உள்ளே போகும், உறை இரண்டும் வெளியிலேயே நின்றுவிடும்.

அந்த நடு ஊசியும் ஒற்றைக் கம்பி அல்ல. மேலே ஒரு பட்டை, கீழே இரண்டு பட்டை, ஆக மூன்று பட்டைகள் சேர்ந்த கட்டு. மேல்பட்டையின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு மேடு இருக்கும். கீழ்ப்பட்டை ஒவ்வொன்றிலும் அந்த மேடு பொருந்துகிற பள்ளம் இருக்கும். மேட்டின் தலை அகலம், பள்ளத்தின் வாய் குறுகல். அதனால் பட்டைகள் முன்னும் பின்னும் வழுக்கிப் போகும், பக்கவாட்டில் கழன்று விழாது. மூன்றுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் முட்டை போகும் வழி. விஷமும் அதே வழிதான்.

கீழ்ப்பட்டைகளின் நுனியில் ரம்பப் பல் உண்டு. நுனியில் நுண்ணிய உணர்வுமுனைகளும் உண்டு. உள்ளே தட்டுப்படுவது மரமா, புழுவா, வேறொரு குளவி ஏற்கெனவே முட்டை வைத்துவிட்ட புழுவா என்று பல இனங்கள் இந்த நுனியாலேயே கண்டுகொள்ளும். துளைப்பது, மோப்பம் பிடிப்பது, ஊசி போடுவது, முட்டையிடுவது என நாலு வேலையும் தலைமுடியைவிட மெல்லிய ஒரே கருவிக்கு.

இவ்வளவு மெல்லியது வளையாமல் எப்படிப் போகிறது?

ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்து, பின்நுனியைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பப்பாளியில் குத்திப் பாருங்கள். வில்லாக வளையும், உள்ளே போகாது. இப்போது நுனியிலிருந்து ஓர் அங்குலம் விட்டுப் பிடித்துக் குத்துங்கள், இறங்கும். காரணம் எளிய இயந்திரவியல்: மெல்லிய குச்சி ஒன்று வளையாமல் தாங்கும் அழுத்தம், அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சக்தி நாலில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. எனவே நீளமான ஊசியைப் பின்னாலிருந்து முழுப் பலத்தோடு தள்ளுவது தோற்கும் வழி.

குளவி தள்ளுவதே இல்லை. மூன்று பட்டையையும் மாற்றி மாற்றி நகர்த்துகிறது. ஒரு கீழ்ப்பட்டை சற்று முன்னே போகும்போது மற்ற இரண்டும் மரத்தையோ பழச்சதையையோ பற்றிப் பின்னுக்கு இழுபடும். பிறகு அடுத்த பட்டை முன்னேறும். ஒன்றைத் தள்ளும் விசையை மற்றவற்றின் பிடிமானம் ஈடுகட்டிவிடுவதால், முழு ஊசியின் மேல் விழும் அழுத்தம் மிகக் குறைவு. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில், பழ ஈப் புழுவைத் தாக்கும் ஒரு குளவியை ஒளி ஊடுருவும் கூழில் துளைக்க விட்டுப் படம்பிடித்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் இந்த மாற்றி மாற்றி நகர்வு தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஒரு பட்டையைக் கொஞ்சம் அதிகம் நீட்டினால் நுனி ஒரு பக்கம் வளைகிறது. அதாவது குளவி ஊசியைத் திருப்பி ஓட்டவும் செய்கிறது. பின்னாலிருந்து முரட்டுத்தனமாகத் தள்ள வேண்டியிராத அறுவைச் சிகிச்சை ஊசிகளைச் செய்ய நினைப்பவர்கள் இந்தப் பூச்சியிடம் பாடம் கேட்பது இதனால்தான்.

அடுத்த சிக்கல் முட்டை. வழி குறுகல், முட்டை தடிமன். விடை, முட்டையின் ஓடு ரப்பர் போல இளகியது என்பது. குழாய்க்குள் நூலாக நீண்டு போய், வெளியே வந்தபின் மீண்டும் உருண்டுகொள்ளும். குழாயின் உட்சுவரில் நுனியை நோக்கிச் சாய்ந்த நுண் செதில்கள் உண்டு. பட்டைகள் முன்னும் பின்னும் ஆடும்போது இச்செதில்கள் முட்டையை முன்னால் மட்டும் தள்ளும், திரும்பி வர விடாது.

மாவுப்பூச்சியைத் தாக்கும் என்சிர்டிட் குடும்பத்துக் குளவிகள் இதில் ஒரு படி மேலே போயிருக்கின்றன. தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டைக்கு இரண்டு குமிழ், நடுவே ஒரு கழுத்து. இடும்போது ஒரு குமிழில் இருக்கும் சத்து முழுவதும் கழுத்து வழியாக மறு குமிழுக்குப் பிதுங்கிப் போகிறது. காலியான பகுதி காம்பாக மாறும். பல இனங்களில் அந்தக் காம்பு மாவுப்பூச்சியின் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கும் குஞ்சு அதன் வழியே மூச்சு விடும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுப்பூச்சியை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்ட அனகைரஸ் லோபெஸி இந்தக் குடும்பம்தான். 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சிக்கு எதிராக 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயேவும் அப்படியே. மேலே படிந்த மெழுகு மாவு மருந்துத் தெளிப்பைத் தடுத்துவிடும். ஊசிக்கு அந்த மாவு ஒரு பொருட்டே இல்லை.

எங்கிருந்து வந்தது?

இதைக் குளவி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பூச்சிகளுக்குப் பொதுவான பழைய சொத்து இது. வயிற்றின் 8, 9ஆம் கண்டங்களில், அதாவது உடல் வளையங்களில், ஒரு காலத்தில் இருந்த கால் போன்ற உறுப்புகளிலிருந்து உருவானது. கீழ்ப்பட்டை இரண்டும் 8ஆம் கண்டத்துக்குச் சொந்தம். மேல்பட்டையும் உறையும் 9ஆம் கண்டத்துக்குச் சொந்தம். பெண் சில்வண்டின் பின்னால் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதும் இதே உறுப்புதான், அது மண்ணில் முட்டை புதைக்க. வெட்டுக்கிளியில் இதுவே குட்டையான மண்வெட்டியாகியிருக்கிறது. ஈக்கள் இதைத் தொலைத்துவிட்டன. மா, கொய்யாவைக் குத்தும் பழ ஈயின் ஊசி அசல் ஊசி அல்ல, வயிற்றின் கடைசிக் கண்டங்களே ஒடுங்கி நீண்டு செய்த மாற்று ஏற்பாடு. பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், பூர்வீகம் வேறு.

குளவி வம்சத்தில் பழையவை இடுப்பு ஒடுங்காத ரம்ப ஈக்கள். பெயரில்தான் ஈ, உண்மையில் குளவியின் மூத்த பங்காளிகள். ரம்பம் போன்ற ஊசியால் இலையைக் கீறி முட்டை வைக்கும், புழு இலையைத் தின்னும். முழுச் சைவம். அடுத்து மரத்தைத் துளைத்து முட்டை வைக்கும் மரக்குளவிகள் வந்தன. இவை முட்டையோடு பூசணத்தையும், மரத்தை நலிவடையச் செய்யும் ஒரு பசையையும் சேர்த்துச் செலுத்தும்.

இந்த இடத்தில்தான் திருப்பம். மரத்துக்குள் குடைந்து வாழும் வண்டுப்புழுக்களும் உண்டு. மரத்தில் வைத்த முட்டையிலிருந்து வந்த குஞ்சு பக்கத்துப் புழுவைத் தின்னத் தொடங்கியது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். இது நடந்து 20 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. இந்த வாழ்க்கைமுறை குளவி வம்சத்தில் ஒரே ஒரு முறைதான் தோன்றியது என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. அதற்குச் சாட்சியாக ஒருசிட் என்ற சிறு குடும்பம் இன்னும் இருக்கிறது. இடுப்பு ஒடுங்காத பழைய உடல்தான், ஆனால் புழுவுண்ணி. இதன் ஊசி உடம்பைவிட நீளம். வெளியே தொங்காமல், உடம்புக்குள்ளேயே மார்பு வரை போய்ச் சுருண்டு கிடக்கும்.

துளைக்கும் கருவி ஏற்கெனவே கையில் இருந்தது. மரத்துக்குச் செலுத்திய சுரப்புகளின் வழித்தோன்றல்தான் புழுவை மயக்கும் விஷம். பிறகு இடுப்பு ஒடுங்கியது. அது அழகுக்கு அல்ல. ஒடுங்கிய இடுப்பு இருந்தால்தான் வயிற்றை எந்தப் பக்கமும் மடக்கி ஊசியைக் குறி வைக்க முடியும்.

புழு எங்கே ஒளிகிறதோ, ஊசி அதற்கேற்ப

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரே கணக்கின் வெவ்வேறு விடைகள். தாய்க்கும் புழுவுக்கும் நடுவே எவ்வளவு தடிமனில், எவ்வளவு கெட்டியாக ஒரு தடை இருக்கிறது என்பதே கணக்கு.

பவானிக் கரையிலோ அமராவதிக் கரையிலோ அத்தி மரம் காய்த்திருந்தால் போய்ப் பாருங்கள். மகரந்தம் சேர்க்கும் குளவி காயின் நுனித் துவாரம் வழியாக உள்ளே நுழைந்துவிடும். உள்ளே போய்விட்டதால் அதற்குக் கெட்டியான துளைக்கருவி வேண்டியதில்லை. அப்போக்ரிப்டா என்ற ஒட்டுண்ணியோ காய்க்கு வெளியே நின்றபடி, தன் உடம்பைவிட நீண்ட ஊசியால் காயின் சுவர் முழுவதையும் துளைக்க வேண்டும். வயிற்றைத் தூக்கி, ஊசியைக் காய்க்கு நேர்செங்குத்தாக நிறுத்தி, நிதானமாக இறக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஒட்டுண்ணியின் ஊசி நுனியில் பற்களும், அந்தப் பற்களில் துத்தநாகமும் இருக்கின்றன. மகரந்தக் குளவிக்கு அந்தத் துத்தநாகம் இல்லை. துளைப்பவனுக்கு மட்டும்தான் நுனியில் உலோகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய பல்.

நீள ஊசிக்கு விலையும் உண்டு. துளைத்துக்கொண்டிருக்கும்போது குளவி சட்டென்று பறக்க முடியாது. முசுறு எறும்பு உலாவும் அத்தி மரத்தில் அது உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் வேலை.

கரும்பில் இதே கணக்குக்கு வேறு விடை. இடைக்கணுப் புழு தண்டுக்குள் குடைந்து கிடக்கும். அதைத் தாக்கும் கோட்டீசியா பிளேவிப்பெஸ் குளவிக்கு ஊசி குட்டை. கரும்பைத் துளைக்க அது முயல்வதே இல்லை. புழு போட்ட ஓட்டை வழியாகத் தானே உள்ளே நுழைந்து, புழுவின் பக்கத்தில் போய்ச் சட்டென்று குத்தி, ஒரே குத்தில் ஒரு கொத்து முட்டையை இறக்கிவிடும். முட்டைகளோடு ஒரு வைரஸும் போகும். அது குளவியின் சொந்த மரபணுவிலேயே எழுதப்பட்ட வைரஸ், புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்கிவிடும். நீள ஊசியைச் சுமப்பதற்குப் பதில் உடம்பைச் சிறிதாக வைத்துக்கொள்வது இதன் வழி. புழுவின் கடிக்கு அகப்பட்டுச் சாகிற குளவிகளும் நிறைய.

தென்னையில் கருந்தலைப் புழு ஓலையின் அடியில் நூலும் எச்சமும் கலந்து கூடாரம் போட்டு வாழும். பிரக்கான் அந்தக் கூடாரத்துக்கு மேலிருந்தே ஊசியை இறக்கி, புழுவை மயக்கி, அதன் உடம்பின் மேல் முட்டை வைக்கும். பெத்திலிட் என்று நம் பக்கம் சொல்லும் கோனியோசஸ் நெஃபான்டிடிஸ் கூடாரத்துக்குள்ளேயே புகும். புழுவைக் கொட்டி மயக்கி, மேலே முட்டை வைத்து, குஞ்சு வளரும்வரை பக்கத்திலேயே காவலும் இருக்கும். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் இதை விடும்போது ஹெக்டேருக்கு 3000, அதாவது ஏக்கருக்கு 1200 என்பது பரிந்துரை. மரத்தடியில் விட வேண்டும். கொண்டையில் கொண்டுபோய் விட்டால் அங்கே உட்கார்ந்திருக்கும் சிலந்தியும் கொலைகார நாவாய்ப்பூச்சியும் தின்றுவிடும்.

ஊசி கொடுக்கான கதை

"ஏனுங்க, இதுக நம்மளையும் கொட்டுமுங்களா?" அட்டை வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. டிரைக்கோகிரம்மா அரை மில்லிமீட்டர்தான், கொட்டாது. பொதுவாக, பின்னால் நீளமாக ஊசி தொங்கும் குளவியைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. கொட்டுவது உள்ளே ஒளிந்திருப்பதுதான். டியூப்லைட்டுக்கு வரும் அந்தக் குட்டை ஊசிச் செம்பழுப்புக் குளவியைக் கையில் பிடித்தால் சுருக்கென்று குத்தும்.

ஒரு கிளையில் முட்டையூசி முட்டையிடுவதையே விட்டுவிட்டது. முட்டை ஊசியின் அடிவாரத்தில் இருக்கும் துவாரம் வழியாக வரத் தொடங்கியது. ஊசிக்கு விஷம் செலுத்தும் வேலை மட்டும் மிஞ்சியது. அதுதான் கொடுக்கு. மண்குளவி, கதண்டு, தேனீ, எறும்பு எல்லாம் இந்தக் கிளை. கோனியோசஸும் இதில்தான் சேர்த்தி. முட்டையூசியிலிருந்து வந்தது என்பதால்தான் ஆண் தேனீக்கும் ஆண் குளவிக்கும் கொடுக்கு கிடையாது.

தேனீயின் கொடுக்கிலும் அதே மூன்று பட்டைதான். முள்ளுள்ள இரண்டு பட்டைகள் மாறி மாறி வழுக்கி உள்ளே இறங்கும். தேனீயிடமிருந்து பிய்ந்து நம் தோலில் நின்ற பிறகும் அந்த ஆட்டம் நிற்காது, விஷப்பையும் அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் எப்படி எடுப்பது என்று யோசிக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நகத்தால் வழித்து எறிவதே நல்லது. கொசுத்தேனீயில் இந்தக் கொடுக்கு பெயருக்கு ஒரு துணுக்காகத் தேய்ந்துவிட்டது. முசுறு எறும்பில் அதுவும் இல்லை, கடித்துவிட்டு அந்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும்.

இன்னும் சில குளவிகள் மறுபடி சைவத்துக்கே திரும்பிவிட்டன. தைல மர இலைக் காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் லெப்டோசைப் அப்படிப்பட்டது. புழுவைத் தேடிய ஊசியின் வாரிசு இப்போது செடியைக் குத்துகிறது.

மக்காச்சோளத்தில் அட்டை ஏன் சில சமயம் கைவிடுகிறது

ஊசியைப் பற்றித் தெரிந்திருப்பது காசு மிச்சம் பண்ணும் இடம் இது. கரும்பு இடைக்கணுப் புழுவின் முட்டைகள் இலைமேல் வெளிப்படையாக இருக்கும். டிரைக்கோகிரம்மா கைலோனிஸின் குட்டி ஊசிக்கு அது எட்டும். 4ஆம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, ஆறு தடவை கட்டச் சொல்வது இதை நம்பித்தான்.

2018இல் இந்தியாவுக்குள் வந்து அந்த ஆண்டே நம் மக்காச்சோளத்தையும் பிடித்த படைப்புழு முட்டையை அடுக்கடுக்காக வைத்து, மேலே தன் உடல் செதிலையும் ரோமத்தையும் போர்த்திவிடும். டிரைக்கோகிரம்மா மேலடுக்கைத் தொடும், அதுவும் போர்வை மெல்லிதாக இருந்தால். அடி அடுக்கு தப்பிவிடும். டெலினோமஸ் ரீமஸ் என்ற இன்னொரு முட்டை ஒட்டுண்ணி ரோமத்தை விலக்கிக்கொண்டு அடி அடுக்கு வரை போகும். ஆகவே படைப்புழுவுக்கு எந்த ஒட்டுண்ணி என்று கேட்டு வாங்குவது முக்கியம். "அட்டை" என்று மட்டும் கேட்டால் கரும்புக்கு உள்ளதையே கொடுத்துவிடலாம்.

டிரைக்கோகிரம்மா அட்டையில் இருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டை. ஒரு சிசி என்றால் சுமார் 20,000 முட்டை. குளவி குத்திய முட்டை மூன்று நாலு நாளில் கறுக்கும், சுமார் எட்டு நாளில் குளவி வெளிவரும். வாங்கும்போது கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். பெரும்பகுதி கறுப்பாக இருக்க வேண்டும். வெளுப்பாகவோ மஞ்சளாகவோ இருப்பவை குத்தப்படாதவை. கறுப்பு முட்டையில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி ஏற்கெனவே போய்விட்டது, அந்த அட்டை வெறும் காகிதம்.

துண்டுகளாக வெட்டி, காலையிலோ சாயங்காலமோ, இலையின் அடிப்பக்கத்தில் வெயில் நேராகப் படாமல் கட்ட வேண்டும். எறும்பு ஏறினால் ஒரே ராத்திரியில் அட்டை காலி. கட்டுவதற்கு முன்போ பின்போ பூச்சிமருந்து அடித்திருந்தால் புழுவுக்கு முன் குளவிதான் சாகும். பொள்ளாச்சியில் 2016இல் தெரியவந்த சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா குளவி தானாகவே பெருகிவந்த தோப்புகளில் மருந்து அடிக்க வேண்டாம் என்று சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்கள் கறுத்திருந்தால் ஊசி அங்கே ஏற்கெனவே வேலை பார்த்துவிட்டது. அந்த ஓலைத் துண்டை வெட்டி எரித்துவிடாமல், குளவி இன்னும் போகாத பக்கத்துத் தோப்பு மரத்தில் செருகி வையுங்கள்.